புளி விட்ட கறி

சௌக்கத் அலி மாடிப்படி ஏறுகிற மனிதர் அல்ல. ராயபுரத்தில், மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பதினெட்டு வருடமாக அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறார். மாடியில் குடியிருக்கும் லூயிஸிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முற்றத்தில் நின்று குரல் கொடுப்பார். லூயிஸ் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு பதில் சொல்வார். படியேறாததற்கு முட்டிவலி ஒரு காரணம். கல்யாண வீடுகளில் பிரியாணி தேக்சா கிளறியே வளர்ந்த பருத்த உடம்பு இன்னொரு காரணம். லூயிஸின் அம்மா இறந்த அன்று ஒரு முறை ஏறினார். அதற்குப் பிறகு தொண்ணூற்றொன்பதாம் வருடம் டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஏறினார். ரம்ஜான் பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு லூயிஸ் தரையில் உட்கார்ந்து ஒயின் வடிகட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முன்பே பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் கிராம்பும் சேர்த்து ஜாடியில் ஊறப்போட்டது. அறை முழுக்க அதன் வாடை. படியில் காலடி கேட்டதுமே அவர் மனைவி பிலோமி ஜாடியின் வாயைத் தட்டால் மூடி, அதன்மேல் ஒரு போர்வையையும் எடுத்துப் போட்டாள். கீழ் வீட்டிலிருந்து யார் வந்தாலும் அவள் அப்படித்தான் செய்வாள். யாரும் அவளிடம் கேட்டுக்கொண்டதில்லை.

சௌக்கத் அலி உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினார். பிறகு செய்தித்தாளை லூயிஸின் மடியில் வீசினார்.

"படி."

"இன்னா பாய், மேல வந்து கீறே. ஒரு குரல் குடுத்திருந்தா நானே..."

"படிய்யா. சத்தமா படி. பிலோமிம்மாவும் கேக்கட்டும்."

லூயிஸ் அதை ஏற்கெனவே நான்கு முறை படித்திருந்தார். கோயில் வாசலில் மூன்று பிரதி வாங்கி ஒன்றைப் பாதிரியாருக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம். போன வருடத்து ஒயின் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லூயிஸ் சிரிக்கும் படம். மேலே 'ராயபுரத்துச் சிவப்பு' என்று கொட்டை எழுத்து. பத்து நாளுக்கு முன் ஒரு பெண் நிருபர் வந்து, கிறிஸ்துமஸ் ஒயின் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லி இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தாள். துறைமுகத்தில் முப்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவரிடம் அதற்கு முன் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை.

அவர் படித்தார். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது.

"நாவல்பழத் தோலின் நிறம். முதல் வாயில் இனிப்பு. அது இறங்கும்போது கிராம்பு வாசம். கடைசியில் திராட்சைத் தோலும் விதையும் விட்டுப்போகும் துவர்ப்பு ஈறுகளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துவர்ப்புதான் ராயபுரத்து ஒயினின் குணம் என்கிறார் திரு. லூயிஸ். அதோடு எதைச் சாப்பிடுவது? 'மீன் ஆகவே ஆகாதும்மா. காசிமேட்டு வஞ்சிரமா இருந்தாலும் வாயில இரும்பு வாடை அடிக்கும். கேக்கோட குடிச்சா ஒயினு தண்ணியாயிடும். புளி போட்ட எதுவுமே கூடாது, துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து கசந்துபோவும். இதுக்குக் கொழுப்புள்ள ஆட்டுக்கறிதான். மிளகு போட்டு, சின்ன வெங்காயத்துல கறுப்பா சுருண்டு வந்திருக்கணும். எங்க கீழ் வூட்டு சௌக்கத் பாய் வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு ஒரு கறி அனுப்புவாரு பாரு, அது இந்த ஒயினுக்காகவே பொறந்த கறி.'"

லூயிஸ் அங்கே நிறுத்தினார்.

"நிறுத்தாத. அடுத்த வரி."

"பாய்..."

"அடுத்த வரிய்யா!"

லூயிஸ் மெதுவாகப் படித்தார். "அந்தத் தெருப் பள்ளிவாசலில் பதினான்கு வருடமாக நோன்புக் கஞ்சி காய்ச்சும் கைதான் இந்தக் கறியையும் சமைக்கிறது."

"இத்த நீ சொன்னியா, அவளா எழுதினாளா?"

"நான்தான்... உன் கைப்பக்குவத்தப் பத்திச் சொல்றப்ப..."

"ஒம்போது மணிக்கு ரஹீம் பாய் ஆள் அனுப்பினாரு" என்றார் சௌக்கத் அலி. ரஹீம் பள்ளிவாசலின் முத்தவல்லி. நிர்வாகம் முழுவதும் அவர் பொறுப்பு. "போனேன். மேசை மேல இந்தப் பேப்பரு. 'சௌக்கத்து, இன்னிக்கிக் கஞ்சிக்கு நீ வர வாணாம், வியாழக்கிழமை கமிட்டி பேசட்டும்'ன்றாரு. பதினாலு வருஷம்யா! நிக்காஹ்ல சமைக்கிறது வயித்துக்கு. கஞ்சி காய்ச்சறது நான் அல்லாவுக்கு நேர்ந்துகினது. என் மவன் டைஃபாய்டுல கெடந்தப்ப நேர்ந்துகினது. உனக்குத் தெரியாதா அது? தெரியுமா தெரியாதா?"

"தெரியும் பாய்."

"டீக்கடைல ஒருத்தன் கேக்கறான், 'இன்னா பாய், கஞ்சிக்கு எந்த ஒயினு தோது?'ன்னு. நோன்பு வாயோட நின்னுகினு கேட்டுட்டு வரேன்."

லூயிஸுக்கும் கோபம் வந்தது. செய்த தவறு தெரிகிறபோது சிலருக்கு முதலில் வருவது கோபம்தான். "நான் இன்னா உன்னத் திட்டியா சொன்னேன்? நல்லதுதானே சொன்னேன்! நான் எத்தோட அந்தக் கறிய சாப்பிடறேன்னு உனக்குத் தெரியவே தெரியாதா? இத்தினி வருஷம் தெரியாமயா அனுப்பிச்சே?"

பிலோமி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சௌக்கத் அலி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. கத்தியபோது இருந்ததைவிட அது கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"தெரியும். மோப்பம் புடிக்காத மூக்கா எனக்கு? சமையக்காரன்யா நான். நீ குடிக்கிறத ஒரு நாளு கேட்டிருப்பனா? நீயும் ஒரு நாளு அந்தப் பாட்டில எடுத்துகினு என் கண்ணு முன்னாடி படி எறங்கினதில்ல. உன் பொஞ்சாதி என் புள்ளைங்களுக்குன்னு சாராயம் படாத சட்டில கேக்கு சுடுது. இது இன்னான்னு நெனைச்சே? நீ சொல்ல மாட்டே, நான் கேக்க மாட்டேன். அதாலதான்யா சட்டி மேல கீழ போய்கினு இருந்துச்சு. அத்தப் போய் ஊருக்கே தமுக்கடிச்சிட்டியே."

திரும்பி இறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்க வேண்டியிருந்தது. பாதியில் நின்று, தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"இனிமே என் வூட்டு சட்டி உன் படி ஏறாது."

அன்று பிற்பகல் லூயிஸ் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பத்திரிகை அலுவலகத்துக்குப் பேசினார். அந்தப் பெண் விடுப்பில் இருந்தாள். யாரோ ஒருவர், "நல்லாத்தானே சார் வந்திருக்கு, படம்கூடப் பெருசா போட்டிருக்கோமே" என்றார். லூயிஸ் கத்திய கத்தலில் பூத்துக்கு வெளியே நின்றவர்கள் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார்கள். போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண் பொய்யாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

வீட்டில் பிலோமி அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை லாரித் தண்ணீர் பிடிக்கப் போனபோது சௌக்கத் அலியின் மனைவி அஜீசுன்னிசா, பிலோமியின் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். எத்தனையோ வருடமாக ஒருத்திக்காக ஒருத்தி இடம் பிடித்து வைத்த வரிசை அது. பிலோமி காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"தண்ணி எங்க?" என்றார் லூயிஸ்.

"உன் ஜாடில கீதே, அத்தக் குடி."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் லூயிஸ் கிரேனில் உட்கார்ந்து ஒரே யோசனையாக இருந்தார். புதன்கிழமை மாலை அவருக்கு ஒரு வழி தோன்றியது. சௌக்கத் பாய்க்கு ஒன்றுமே தெரியாது என்று போய்ச் சொல்லிவிடலாம். கறியை வாங்கி வைத்துக்கொண்டு அவருக்குத் தெரியாமல் ஒயினோடு சாப்பிட்டேன், அவரை ஏமாற்றினேன், தப்பு முழுக்க என்னுடையது. அப்படிச் சொன்னால் கமிட்டி கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும். தன்னைத் தெருவில் நாலு பேர் காறித் துப்புவார்கள். துப்பட்டும். பொய் சொல்வது பாவம் என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பிற்பகல் அசர் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் போனார். மதிலுக்குள் பக்கவாட்டில் கஞ்சி காய்ச்சும் தகரக் கொட்டகை. இரண்டு பெரிய தேக்சாக்களில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புதிய ஆள் கரண்டி பிடித்திருந்தான். தெருப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வரிசையில் நின்றார்கள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் கொட்டகைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சௌக்கத் அலி நின்றுகொண்டிருந்தார். அவர் கண் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. தேக்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடி பிடிக்கிற வாடை லேசாக வந்துகொண்டிருந்தது.

"லூயிசா? உள்ள வாங்க" என்றார் ரஹீம். பழைய இரும்பு வியாபாரம் செய்பவர், மெலிந்த மனிதர், எழுபது வயதிருக்கும். "உங்களயும் கூப்புடணும்னுதான் நெனைச்சேன்."

லூயிஸ் செருப்பை மதிலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை ஒரே மூச்சில் சொன்னார்.

"ஐயா, பாய் மேல தப்பே இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரியாது. பண்டிகைக்கு அக்கம்பக்கத்துல குடுக்கிற மாதிரிதான் அவரு கறி குடுத்தாரு. நான்தான் அவருக்குத் தெரியாம..."

"லூயிசு, வாய மூடு" என்றார் சௌக்கத் அலி.

"நீ சும்மா இரு பாய். நான் அவரு கிட்ட மறைச்சிட்டேங்க. அவர ஏமாத்திதான்..."

"வாய மூடுன்றேன்ல! ஒரு தபா தொறந்ததுக்கே இங்க வந்து நிக்கிறேன். இன்னொரு தபா தொறந்து என்னப் பொய்யனாக்கப் போறியா?" கொட்டகையில் கரண்டி பிடித்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். சௌக்கத் அலியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "காலைலேர்ந்து எச்சி முழுங்கிகினு நோன்பு புடிக்கிறேன். இவன் வந்து எனக்காகப் பொய் சாட்சி சொல்லுவானாம், அத்தக் கேட்டுகினு நான் கரண்டி வாங்கிப்பனாம். கலீஜு புடிச்ச வேலை!"

ரஹீம் கையை உயர்த்தினார். "சௌக்கத்து. ஒரே கேள்விதான். அவரு சொல்றதுதான் நெசமா? உனக்குத் தெரியாதா?"

பதில் சொல்வதற்கு முன் சௌக்கத் அலி தேக்சாவை ஒரு முறை பார்த்தார். 'தெரியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த நிமிடமே கரண்டி அவர் கைக்கு வந்துவிடும். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"தெரியும்" என்றார். "அத்த விட மேலயும் கீது, கேட்டுக்கங்க. மொதல் வருஷம் நான் அனுப்பின கறில புளி போட்டிருந்தேன். அன்னிக்கி மாடில இவரு பொஞ்சாதி கிட்ட சொன்னாரு, புளி கீறதால இத்தோட சரியா வரலைன்னு. எத்தோடன்னு அவரு சொல்லல. எனக்கே புரிஞ்சிது. முத்தத்துல நின்னுகினு கேட்டேன். அடுத்த வருஷம் புளிய எடுத்துட்டு மொளகு போட்டேன். தெரிஞ்சிதான் எடுத்தேன்."

அது தற்செயல் என்றுதான் லூயிஸ் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். கறி தானாகவே ஒயினுக்குப் பொருந்திப் பிறந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் எடுத்தே?" என்றார் ரஹீம்.

"பண்டிகை அன்னிக்கி அந்த மனுசன் வாய் கசக்க வாணாம்னுட்டு. அவரு கிளாசுல இன்னா கீதுன்னு அவரு கர்த்தரு கேட்டுப்பாரு. என் சட்டில இன்னா கீதுன்னுதான் நான் பதில் சொல்லணும். சட்டில ஹலாலான கறிதான் இருந்துச்சு. தப்புன்னா தப்பு. நீங்க தீர்ப்பு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

ஒரு கமிட்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப பத்திரிகைல வந்ததுக்கு மேலயே இவரு..." ரஹீம் அவரைப் பார்த்த பார்வையில் மீதி வார்த்தை நின்றுவிட்டது.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கரண்டிய இப்பவே குடுத்திருப்பேன்" என்றார் ரஹீம். "ஆனா அந்தக் கஞ்சி எனக்கு எறங்கியிருக்காது. நெசம் சொன்னே. இருந்தாலும் சௌக்கத்து, வெளிய நிக்கிறவங்க எல்லாம் பேப்பர் படிச்சவங்க. அவங்க வாய நான் மூட முடியாது. இந்த வருஷம் கரண்டி வேற ஆள் கையில இருக்கட்டும்."

சௌக்கத் அலி தலையை ஆட்டினார். கண்ணை மட்டும் அழுத்தி மூடிக்கொண்டார்.

"வெங்காயம் உரிக்கறதுக்கு யாரு வாணாலும் வரலாம்" என்றார் ரஹீம், இன்னும் மெதுவாக. "அதுக்குக் கமிட்டி ஒண்ணும் சொல்லாது."

நாற்பது தேக்சா பிரியாணியை ஒரே நாளில் இறக்கிய மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. லூயிஸுக்கு அந்தக் கிழவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சௌக்கத் அலி நேராகக் கொட்டகைக்குள் போனார். கரண்டி பிடித்திருந்தவனிடம், "அடி புடிக்குது, தீயக் கொறை" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த சின்ன வெங்காய மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

லூயிஸ் பின்னாலேயே ஓடினார். "பாய், எனக்காக நீ..."

"உனக்காக ஒண்ணும் சொல்லல. நோன்பு வாயி. பொய் வராது. பின்னால வராத."

அதற்குப் பிறகு தினமும் பிற்பகலில் சௌக்கத் அலி முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து மறுநாள் கஞ்சிக்கு வெங்காயம் உரித்தார். மூட்டை மூட்டையாக உரித்தார். கோபத்தில் உரிக்கிறவர் கை வேகமாகப் போகும். வெங்காயத் தோல் சந்து வரைக்கும் பறந்தது. மாடியில் லூயிஸ் ஒரு பொருளையும் சத்தமாக வைக்காமல் நடந்தார். ஒயினைப் பாட்டில்களில் ஊற்றி அடைத்தார். எட்டுப் பாட்டில் வந்தது. அந்த வருட ஒயின் நன்றாக அமைந்திருந்தது. ஒரு விரல் அளவு ஊற்றி நாக்கில் வைத்தபோதே தெரிந்தது. துவர்ப்பு ஈறில் நின்று பேசியது. அது நன்றாக இருந்ததும் அவருக்கு எரிச்சலாகவே இருந்தது.

கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. காலைப் பூசை முடிந்து, வந்தவர்கள் போய், மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். பன், சோறு, கடையில் வாங்கிய கோழி. லூயிஸ் ஒரு கோப்பை ஊற்றி வைத்திருந்தார். பதினெட்டு வருடத்தில் கீழ் வீட்டுச் சட்டி இல்லாத முதல் கிறிஸ்துமஸ். பிலோமி ஜெபம் சொல்ல ஆரம்பித்து, "இந்த உணவையும்" என்பதோடு நிறுத்திவிட்டாள்.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அஜீசுன்னிசா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சட்டியை நிலைப்படியில் வைத்தாள். பிலோமியின் முகத்தைப் பார்க்கவில்லை. "சூடு. துணி வெச்சித் தூக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

லூயிஸ் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசை நடுவில் வைத்தார். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல், உப்புக்கூட ருசி பார்க்க முடியாமல், அந்த மனிதர் காலையிலிருந்து அடுப்பு முன் நின்றிருக்கிறார். மூடியைத் திறந்ததும் கறுப்பாகச் சுருண்ட கறி. சட்டியின் ஓரத்தில் கொழுப்பு மினுமினுத்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, வழக்கம்போல ஒரு வாய் ஒயின் குடித்தார்.

குடித்ததும் முகம் கோணிவிட்டது. ஒயின் தொண்டையில் இறங்கவே மறுத்தது. நாக்கின் இரண்டு பக்கமும் கசந்தது. இனிப்பு போன இடமே தெரியவில்லை. இன்னொரு துண்டு, இன்னொரு வாய். அதே கசப்பு.

பிலோமி ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள். "புளி" என்றாள்.

லூயிஸ் எழுந்து கைப்பிடிச் சுவருக்குப் போனார். கீழே முற்றத்தில் சௌக்கத் அலி பலகையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். முதுகு மாடியைப் பார்த்து இருந்தது.

"பாய்! கறில புளி கீது!"

"கீதா?" முதுகு திரும்பவில்லை. "நோன்பு. ருசி பாக்கல."

"புளி கரைச்சி ஊத்தினது தெரியறதுக்கு ருசி வேற பாக்கணுமா?"

"இன்னாய்யா பண்ணணுன்றே? எதுக்காகவோ பொறந்த கறின்னு இனிமே எவனும் எழுதக் கூடாதில்ல? இது கறி. சோத்துக்குப் பொறந்த கறி. புடிக்கலைன்னா சட்டியக் குடு."

"இனிமே சட்டி படி ஏறாதுன்னே?"

வெங்காயம் உரித்த கை ஒரு நிமிடம் நின்றது. "பண்டிகை அன்னிக்கி அண்டை வூட்டுக்குக் குடுக்காம நான் நோன்பு தொறக்கறதா? உன் மேல கோவம் கீது. நெறய கீது. அதுக்குத்தான் புளி."

லூயிஸ் உள்ளே வந்தார். கோப்பையில் இருந்ததைப் பாட்டிலில் திருப்பி ஊற்றி, தக்கையை அழுத்தி அடைத்து, அலமாரியின் அடியில் வைத்தார். பிறகு சோற்றில் அந்தக் கறியைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். கறி நன்றாகவே இருந்தது. சோற்றோடு சேரும்போது புளிப்பு மிளகை எழுப்பிவிட்டது, கொழுப்பு தெவிட்டவில்லை. ஒயின் இல்லாமல் அந்தக் கிறிஸ்துமஸ் கறியை அவர் இதுவரை சாப்பிட்டதே இல்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது பிலோமி அவரைப் பார்க்காத மாதிரி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

அந்தச் சட்டி ஒருபோதும் காலியாகக் கீழே போனதில்லை. எப்போதும் பிலோமியின் கேக்தான் அதில் போகும். இந்த வருடமும் தனிச் சட்டியில் அவள் சுட்டு வைத்திருந்தாள். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தைரியம் இல்லாமல் இருந்தது. அதை எடுத்துத் துணியில் கட்டினாள்.

"கேக்கு போதாது" என்றார் லூயிஸ். சட்டையை மாட்டிக்கொண்டு நாடார் கடைக்குப் போய் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிவந்தார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். கிரேன் நெம்புகோல் பிடித்த கைக்கு அந்தச் சின்னத் தோல் அகப்படவே இல்லை. அரை மணி நேரத்தில் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. பிலோமி உதவிக்கு வந்தபோது கையைத் தள்ளிவிட்டார். கழுவி வைத்த கீழ் வீட்டுச் சட்டி நிறையும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு அவரே படி இறங்கினார். பின்னால் பிலோமி கேக்கோடு வந்தாள். அடுப்படி வாசலில் நின்றிருந்த அஜீசுன்னிசா கேக்கை வாங்கிக்கொண்டாள். கையை விடாமல் பிலோமியை உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது.

லூயிஸ் சட்டியை சௌக்கத் அலியின் பலகைக்கு முன்னால் வைத்தார். "நாளைக் கஞ்சிக்கு."

சௌக்கத் அலி சட்டிக்குள் பார்த்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லூயிஸின் சிவந்த கண்ணைப் பார்த்தார்.

"வேர்ப்பக்கம் அறுக்கல. உள்தோலு அப்பிடியே கீது. இத்தப் போட்டுக் கஞ்சி காய்ச்சினா ஊரு காறித் துப்பும். யாருய்யா உனக்கு வெங்காயம் உரிக்கக் கத்துக் குடுத்தது?"

"யாரும் குடுக்கல பாய்."

"தெரியுது." சட்டியைப் பலகை மேல் கவிழ்த்தார். பாதியை லூயிஸ் பக்கம் தள்ளினார். இன்னொரு கத்தியைத் தேடி எடுத்து வீசினார். "உக்காரு. மறுபடி எல்லாத்தையும் சுத்தம் பண்ணணும்."

லூயிஸ் எதிரே தரையில் உட்கார்ந்தார். சந்தில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லும் வரை இரண்டு பேரும் உரித்தார்கள். சௌக்கத் அலி தொழுதுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். லூயிஸால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"பாய், அடுத்த வருஷமும் புளி போடுவியா?"

"வாய மூடிகினு உரி" என்றார் சௌக்கத் அலி.